பந்தநல்லூர் பாணியில் பழகிய பிள்ளையை வழுவூர் வகுப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: திருநகர்வாசி

வணக்கம். கும்பகோணத்தில் இருந்தவரை என் மகள் பந்தநல்லூர் பாணியில் பரதம் படித்தாள். ஏழு வயதில் சேர்த்தோம், இப்போது பதினொன்று நடக்கிறது. அடவு என்கிற அடிப்படை அசைவுகளை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) முடித்து, அலாரிப்பு, ஜதிஸ்வரம் என்ற முதல் இரண்டு உருப்படிகளும் (ஆடல்களும்) ஆடுவாள். அடுத்த உருப்படியான சப்தம் ஆரம்பிக்கிற நேரத்தில் வீட்டுக்காரருக்கு மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது. திருநகரில் வீடு எடுத்திருக்கிறோம்.

இங்கே விசாரித்ததில் இரண்டு இடம் சொன்னார்கள். ஒன்று, பழங்காநத்தம் பக்கம் வழுவூர் பாணியில் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சர். வகுப்பு முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன், பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் மகள் இரண்டு அடவு ஆடிக் காட்டியதும், "தட்டடவிலிருந்து ஆரம்பிச்சிரலாம்மா, கை, உட்காருற விதம் எல்லாமே எங்களுக்கு வேற" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "அப்ப அங்க மிஸ் சொல்லிக்கொடுத்தது தப்பாம்மா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னோர் இடத்தில், இதுவரை கற்றதை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றரை வருடத்தில் அரங்கேற்றம் செய்துவிடலாம், நான்கு லட்சத்துக்குள் எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.

பாணி என்பது உண்மையிலேயே இவ்வளவு வேறுபடுமா? மாற்றினால் பிள்ளையின் நான்கு வருட உழைப்பு வீணா? என் மாமியார், "சாமி முன்னால ஆடுறதுக்கு எந்தப் பாணியா இருந்தா என்ன" என்கிறார். இன்னொன்று, பழங்காநத்தம் வகுப்பு மாடியில் சிமெண்டுத் தரையில் நடக்கிறது. அதுவும் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: எல்லிஸ்நகர் சித்தி

அரங்கேற்றம் பற்றி மட்டும் சொல்கிறேன். என் அக்கா மகளுக்கு இப்படித்தான் ஒரு வகுப்பில் நாள் குறித்துவிட்டு, அதற்கப்புறம் உருப்படிகளை உருப்போட வைத்தார்கள். மண்டபம், பக்கவாத்தியம், மூன்று செட் உடை, ஆல்பம், வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை என்று அக்கா நகையை அடகு வைக்கிற நிலைக்குப் போனாள். பிள்ளை அன்றைக்கு அழகாகத்தான் ஆடினாள். அப்புறம் புதிதாக ஒரு பாட்டைக் கொடுத்து ஆடச் சொன்னால் அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அடுத்த வருடம் சலங்கையைப் பரணில் போட்டுவிட்டார்கள். யோசித்துச் செய்யுங்கள்.

பதில்: சிம்மக்கல் டீச்சர்

திருநகர் அம்மா, உங்கள் மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: கும்பகோணத்து மிஸ் சொல்லிக்கொடுத்தது சரி, பழங்காநத்தத்து டீச்சர் சொல்வதும் சரி. குழந்தையின் மனதில் இது பதிந்த பிறகுதான் கால் தட்ட அனுப்ப வேண்டும். தன் பழைய ஆசிரியரைத் தப்பாக நினைத்துக்கொண்டு ஆடுகிற பிள்ளைக்கு உடம்பு ஒத்துழைக்காது. என் வகுப்புக்கு ஊர் மாறி வந்த பிள்ளைகளிடம் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பந்தநல்லூரும் வழுவூரும் ஊர்ப்பெயர்கள். ஒன்று கும்பகோணத்துக்கு வடகிழக்கே, இன்னொன்று மயிலாடுதுறைப் பக்கம். காவிரிக் கரையில் ஒன்றுக்கொன்று வெகு தூரமில்லாத ஊர்கள்தான். இரண்டு பாணியிலும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்ற வரிசை ஒன்றே. தஞ்சை சரபோஜி காலத்தில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வரிசை அது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்தக் குடும்பத்தின் வழியில் வந்தவர். வழுவூர் ராமையா பிள்ளை அவருக்கு ஒரு தலைமுறை பிந்தியவர். அவருடைய மாணவி குமாரி கமலாவின் ஆட்டம்தான் அவருடைய பாணியைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது.

சரி, வேறுபாடு எங்கே? உடம்பில். பந்தநல்லூரில் நாட்டியாரம்பம் என்று கையை நீட்டினால் முழங்கை தோள் மட்டத்தை விட்டு இறங்கக்கூடாது. தோளிலிருந்து விரல் வரைக்கும் கோடு கோணாமல் நிற்க வேண்டும். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காருகிற அரைமண்டியில் நன்றாக இறங்கி உட்கார வேண்டும். கால் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் இடுப்புக்கு மேலே உடம்பு ஏறி இறங்கக்கூடாது. அபிநயத்திலும் ஒரு அடக்கம் இருக்கும். வழுவூரில் நட்டடவு என்கிற அதே அடவை ஆடும்போது கை போகிற பக்கம் உடம்பும் சற்றுச் சாய்ந்து போகும், கண்ணும் கழுத்தும் கூடவே போகும். பொதுவாக அவ்வளவு ஆழமாக உட்கார மாட்டார்கள். அடவுகளைக் கோத்த கோர்வைக்கு நடுவே ஒரு சிற்ப நிலையில் நின்றுவிட்டு மறுபடி தாளத்தைப் பிடிப்பார்கள். குதித்துத் திரும்புகிற இடங்களும் அதிகம். அதனால்தான் அந்த டீச்சர் தட்டடவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறார். தட்டடவில் கை வேலையே கிடையாது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு "தையா தை" என்று தட்டுவதுதான். உட்காரும் விதத்தை மாற்ற வேண்டுமானால் அங்கேதான் மாற்ற முடியும். ஜதிஸ்வரத்தின் நடுவில் நிறுத்தி மாற்றினால் பிள்ளை குழம்பிவிடும். அவர் கேட்டதை நான் நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். "பழசை அப்படியே வைத்துக்கொள்ளலாம்" என்று சொன்ன இன்னோர் இடம்தான் எனக்குக் கவலை தருகிறது.

உழைப்பு வீணாகாது. நான்கு வருடம் ஆழமாக உட்கார்ந்து பழகிய தொடைக்குப் பலம் இருக்கிறது. தாளம் காதில் இருக்கிறது. புதுப்பிள்ளைக்கு இரண்டு மூன்று வருடம் ஆகிற அடவு வரிசையை இவள் சில மாதங்களில் முடித்துவிடுவாள்.

எனக்குப் பந்தநல்லூர் பாணியில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து தங்கியவர். வடக்கு மாசி வீதியில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் வகுப்பு. மூலையில் மணை போட்டு உட்கார்ந்து தட்டுக்கழியால் தட்டுவார். காபி வந்தால் "கையை இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரை ஆற்ற ஆரம்பிப்பார். அவர் குடித்து முடிக்கிறவரை நாங்கள் நாட்டியாரம்பத்தில் நிற்க வேண்டும். தோள் எரியும். இன்றைக்கு என் முழங்கை இறங்காமல் நிற்கிறதென்றால் அந்தக் காபிதான் காரணம். அவர் காலமான பிறகு அபிநயப் பாட்டுகளான பதங்களுக்காக வழுவூர் வழியில் வந்த ஓர் அம்மாவிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சொன்னது, "உன் கை அழகா இருக்கு, ஆனா உன் கழுத்து பேச மாட்டேங்குது." கழுத்தை மட்டும் பக்கவாட்டில் அசைக்கிற அட்டமியையே ஒரு மாதம் செய்ய வைத்தார். முன்பு படித்ததில் ஒன்றைக்கூட விடச் சொல்லவில்லை. நான் இன்றைக்கும் ஆடும்போது அடவு வாத்தியாருடையது, பார்வை அந்த அம்மாவுடையது.

நம் ஊர் விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் 1904இல் மதுரையில் பிறந்தவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் படித்தார், அப்புறம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தார். 1936இல் கலாக்ஷேத்ரா என்ற நாட்டியப் பள்ளியை ஆரம்பித்தார், அங்கே நாளடைவில் இன்னொரு பாணியே உருவாகிவிட்டது. பாணிகள் இப்படி மனிதர்கள் வழியாகத்தான் வந்தன. ஆகவே உங்கள் மகள் இரண்டு ஆசிரியர்களைப் பார்ப்பதில் குறை ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளுடைய அலாரிப்பைப் பந்தநல்லூர் முறைப்படியே விட்டுவிடச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். வாரம் ஒரு தடவை வீட்டில் அதை ஆடட்டும். பாட்டே இல்லாமல் வெறும் சொல்லுக்கு ஆடுகிற உருப்படி. கண், கழுத்து, தோள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து அரைமண்டிக்கும் முழுமண்டிக்கும் போகும். கும்பகோணத்தில் படித்தது முழுக்க அதற்குள் இருக்கிறது. நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

இனி தரை. சிமெண்டுத் தரை முழங்காலுக்கும் கெண்டைக்கால் முன்னெலும்புக்கும் கெடுதல்தான். மரப்பலகைத் தரை நல்லது, ஆனால் மதுரையில் எத்தனை வகுப்பில் மரத்தரை இருக்கிறது? கெட்டியான கோரைப் பாயோ ரப்பர் விரிப்போ போடச் சொல்லுங்கள், வழுக்காமல் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளை அரைமண்டியில் உட்காரும்போது முழங்கால் பாதம் பார்க்கும் திசையையே பார்க்கிறதா என்று எதிரே நின்று பாருங்கள். தொடை இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் தள்ளினால் பாரம் முழுக்க முழங்காலில் விழும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வலி என்று வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் பார்த்த காரணம் இதுதான். இன்னொன்று, ஒவ்வொரு அடவையும் வலது காலில் செய்த அளவுக்கு இடது காலிலும் செய்யச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். மேடைக்கு அவசரப்படுகிற இடங்களில் முதலில் விட்டுப்போவது இடது கால்தான்.

கால் என்றதும் வெள்ளியம்பலம் நினைவு வருகிறது. மகளை மீனாட்சி கோயிலுக்கு அழைத்துப்போகும்போது நேரே அங்கே நிறுத்துங்கள். மற்ற ஊர்களில் நடராசர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கியிருப்பார். இங்கே மட்டும் மாறி, வலது கால் மேலே. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இந்தக் கதையைச் சொல்கிறார். இராசசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகளைக் கற்றவன், பரதம் ஒன்றுதான் பாக்கி. அதையும் கற்கத் தொடங்கியதும் உடம்பு எப்படி வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் கோயிலில் போய் நின்றால் சாமியின் கால்தான் கண்ணில் படுகிறது. எத்தனை காலமாக ஒரே காலில் நிற்கிறீர்கள், எனக்காக மாறி ஆடுங்கள் என்று கேட்கிறான். மாறாவிட்டால் வாளின் மேல் விழுந்து உயிரை விடுவேன் என்று கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது கால் மாறியிருந்தது. நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சலங்கை கட்டுவதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. ஆடிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி கேட்கத் தோன்றும்.

பதில்: தண்ணுமை

நான் முப்பது வருடமாக நாட்டியத்துக்கு மிருதங்கம் வாசிக்கிறவன். டீச்சர் அம்மா சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் இரண்டு பாணியையும் ஒரே உடம்பில் வைத்துக்கொள்வது அவருக்குக் கைவந்திருக்கிறது, எல்லாருக்கும் வராது. அவர் இரண்டாவது ஆசிரியரிடம் போனபோது முதல் பாணி ஊறிப்போயிருந்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. முடிந்தால் மதுரையிலேயே பந்தநல்லூர் வழியில் சொல்லிக்கொடுக்கிறவரை இன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வழுவூரில் முழு மனதோடு சேருங்கள். பாதி இது, பாதி அது என்று ஆடுகிற பிள்ளைக்குத் தீர்மானம் என்கிற முடிப்பு ஜதியை வாசிப்பது எங்களுக்கே சிரமம். எங்கே நிற்கப் போகிறாள், எங்கே குதிக்கப் போகிறாள் என்று கை எதிர்பார்க்கும், அவள் வேறு எங்கோ இருப்பாள்.

வகுப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. ஆசிரியர் தாளச் சொற்களான சொல்லுக்கட்டை வாயால் சொல்கிறாரா, கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிடுகிறாரா என்று பாருங்கள். பிள்ளை தடுமாறினால் தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்கிறவர் காலம் தாழ்த்திப் பிடித்துக்கொள்வார், பதிவு பிடித்துக்கொள்ளாது. பிள்ளைகள் ஆடாமல் உட்கார்ந்து கையால் தாளம் போட்டு ஜதியைச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். கண்டத்தையும் (ஐந்து எண்ணிக்கை) மிஸ்ரத்தையும் (ஏழு எண்ணிக்கை) வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் காலில் அது நிற்காது.

பாணிக்கு ஊர்ப்பெயர் வைக்கிறோம், நட்டுவனாரின் பெயரைச் சொல்கிறோம். ஆடியவர்கள் யார்? கோயில்களிலும் அரண்மனைகளிலும் தலைமுறை தலைமுறையாக ஆடிய பெண்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தப் பாணியிலும் இல்லை. 1947இல் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டம்தான். ஆனால் அதே காலத்தில் ஆட்டம் சபா மேடைக்குப் போனது, அந்தக் குடும்பங்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பலர் மகளுக்குச் சலங்கையே காட்டாமல் வளர்த்தார்கள். அந்த மரபிலிருந்து வந்து கடைசிவரை மேடையில் நின்றவர் பாலசரஸ்வதி (1918-1984). பாட்டி வீணை தனம்மாள், நாட்டியம் கற்பித்தவர் கந்தப்ப பிள்ளை. பதத்துக்கு அவர் தானே பாடிக்கொண்டு அபிநயம் பிடிப்பார். உங்கள் மகள் எந்தப் பாணிக்குப் போனாலும் பாட்டும் கற்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான். நம் மதுரையிலேயே எம்.எஸ். சுப்புலட்சுமியின் வீட்டில் பாட்டி அக்கம்மாள் வயலின், அம்மா சண்முகவடிவு வீணை. மதுரைப் பிள்ளைகளுக்கு இந்தப் பெண்களின் பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள், டீச்சர். பாண்டியன் கதையைச் சொல்கிற அதே நாளில் சொல்லுங்கள்.

பதில்: சிம்மக்கல் டீச்சர்

தண்ணுமை சார், கட்டாயம் சொல்கிறேன். இதுவரை பாலசரஸ்வதி அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கலப்பு பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்க முடியவில்லை. அலாரிப்பு ஒன்றை மட்டும் தனியாகக் காப்பாற்றுவது கலப்பு ஆகாது, அதை ஆடும்போது அது மட்டும்தான் ஆடப்படுகிறது. ஆனால் ஒரே உருப்படிக்குள் இரண்டையும் சேர்க்கக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

கேள்வி கேட்டவர்: திருநகர்வாசி

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். காபிக் கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அரங்கேற்ற வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டோம். தண்ணுமை சார் சொன்னபடி பந்தநல்லூர் ஆசிரியரை இன்னும் இரண்டு வாரம் தேடுகிறேன், இல்லாவிட்டால் பழங்காநத்தம்தான். இரண்டு சந்தேகம் பாக்கி. அரங்கேற்றத்துக்குச் சரியான காலம் என்று ஒன்று உண்டா? மதுரையைப் பற்றியே ஆடுகிற மாதிரி ஏதாவது உருப்படி உண்டா? மாமியார் கேட்கச் சொன்னார், அவருக்கு அழகர்மேல் அலாதிப் பிரியம்.

பதில்: சிம்மக்கல் டீச்சர்

இரண்டாவது கேள்வி கேட்டதற்காகவே உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். மானாமதுரைப் பக்கம் பெருங்கரையில் பிறந்த கவிகுஞ்சர பாரதி (1810-1896) அழகர் குறவஞ்சி பாடியிருக்கிறார். சிவகங்கை, ராமநாதபுரம் அரண்மனைகளில் புலவராக இருந்தவர். நல்ல பதங்களும் அவருடையவை உண்டு. குறவஞ்சி என்றால் தலைவி காதலில் வாடுவாள், குறத்தி வந்து குறி சொல்வாள். குறத்தி வருகிற இடத்தில் பதினொரு வயதுப் பிள்ளை துள்ளிக்கொண்டு ஆடலாம். தலைவியின் விரகம் பத்து வருடம் கழித்து வரட்டும். மீனாட்சியின்மேல் சியாமா சாஸ்திரியும் தீட்சிதரும் பாடியவை இருக்கின்றன. அவை கச்சேரிக்கு உரியவை, நிதானமாக நிற்பவை. கொஞ்சம் வயது வந்தபின் அபிநயத்துக்கு எடுக்கலாம்.

அரங்கேற்றத்துக்கு இத்தனை வருடம் என்று கணக்கு வைக்க எனக்கு மனமில்லை. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருடம் கற்றுப் பன்னிரண்டில் அரங்கேறினாள். அவளுக்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், மத்தளக்காரன், குழல்காரன், யாழ்க்காரன் என்று ஆள் ஆளுக்கு ஒருவர் நின்றார்கள். வேறு பாடம், டியூஷன், பரீட்சை எதுவும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வர்ணம். முக்கால் மணி நேரம் ஒரே வர்ணத்தில் நிற்க வேண்டும். ஜதி வரும், உடனே வரிக்கு அபிநயம் வரும், மூச்சு வாங்குவது முகத்தில் தெரியக்கூடாது. திருவாரூர் தியாகேசர்மேல் உள்ள பைரவி வர்ணம் "மோகமான" போல ஒன்றை, ஆசிரியர் கையைக் காட்டாமல், பயிற்சி அறையில் முழுதாக ஆடி முடிக்கிற அன்றைக்கு நாள் பார்க்கலாம். அதற்கு முன்னால் எந்த மண்டபத்துக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சலங்கை வாங்க இப்போது அவசரம் வேண்டாம். பழைய சலங்கை இருந்தால் தோல் பட்டையைப் பாருங்கள், வியர்வையில் விறைத்துப்போயிருந்தால் கணுக்காலை அறுக்கும். பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மணி அதே இருக்கட்டும்.

பதில்: எல்லிஸ்நகர் சித்தி

திருநகர் அக்கா, பசுமலையில் அரசு இசைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே போய்க் கேளுங்கள், அங்கு படித்து வந்தவர்களில் யார் எந்தப் பாணியில் வகுப்பு எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஜவகர் சிறுவர் மன்றத்திலும் குறைந்த கட்டணத்தில் வகுப்பு உண்டு, அங்கே உள்ள ஆசிரியர்களிடமும் விசாரிக்கலாம்.

கேள்வி கேட்டவர்: திருநகர்வாசி

ஆமாம், பசுமலை பஸ்ஸில் நாலு ஸ்டாப்தான். சனிக்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.